லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்கும் முன்: பலர் தவறும் இடங்கள்

லேப்டாப் மெதுவாகிவிட்டது, எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான, சிப்பில் சேமிக்கும் டிரைவ்) மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் தேடுவது ‘எந்த எஸ்எஸ்டி நல்லது?’ என்றுதான். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. லேப்டாப்பின் உள்ளே டிரைவைச் செருக என்ன ஸ்லாட் இருக்கிறது என்று தெரியாதவரை அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எம்.2 விஷயத்தில். எம்.2 என்பது டிரைவின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, அது எந்த வழியில் தரவை அனுப்புகிறது என்பதைச் சொல்வதில்லை. அதே மெல்லிய பட்டை வடிவத்தில் சாட்டா என்ற பழைய, மெதுவான வழியில் இயங்கும் டிரைவும் வருகிறது, பிசிஐஇ என்ற வேகமான வழியில் இயங்கும் என்விஎம்இ டிரைவும் வருகிறது. சில ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும். பல ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். எம்.2 சாட்டா டிரைவின் முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்விஎம்இ டிரைவில் பெரும்பாலும் ஒன்று. இதில் வில்லங்கம் என்னவென்றால், இரண்டு வெட்டுள்ள சாட்டா டிரைவ், என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டிலும் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். திருகும் மாட்டிவிடலாம். ஆனால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) டிரைவ் தெரியாது. ‘பழுதான டிரைவ் வந்துவிட்டது’ என்று திருப்பி அனுப்பி, அதே வகையில் இன்னொன்று வாங்குபவர்களும் உண்டு.

அடுத்து நீளம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 என்ற குட்டை அளவுகளும் உண்டு. அவற்றுக்கான இடத்தில் 2280 நுழையாது. மெல்லிய லேப்டாப் என்றால் தடிமனையும் பாருங்கள். இரண்டு பக்கமும் சிப் உள்ள டிரைவை மாட்டினால் சிலவற்றில் பின்மூடி சரியாக மூடாது. ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) ஒட்டி வரும் டிரைவ்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப்புக்கானவை, அவற்றை விட்டுவிடலாம்.

பழைய லேப்டாப்பில் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் இருந்தால் வேலை எளிது: 7 மி.மீ. தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி போதும். ஆனால் காலியாக இருக்கும் 2.5 அங்குல இடத்தை நம்பி வாங்காதீர்கள். அதற்கான கேபிளும் பிடிப்பானும் இல்லாமலே சில லேப்டாப்கள் வருகின்றன. ஒரே மாடல் பெயரில், அந்த இடத்தில் பெரிய பேட்டரியை வைத்து விற்பதும் உண்டு.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிசிஐஇ ஜென்4 (நான்காம் தலைமுறை) டிரைவை ஜென்3 ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஜென்3 வேகத்தில்தான்: பெட்டியில் நொடிக்கு 7 ஜிபி என்று போட்டிருந்தாலும் சுமார் 3.5 ஜிபிதான் கிடைக்கும். இதில் ஆபத்து எதுவும் இல்லை, செலவுதான் கூடுதல். என்னைக் கேட்டால், ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம் அன்றாட வேலையில் வேறெதிலும் அவ்வளவு தெரிவதில்லை.

மாற்றவே முடியாத லேப்டாப்களும் இருக்கின்றன. ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்குகளிலும், இஎம்எம்சி (எஸ்எஸ்டிக்குப் பதிலாக வைக்கப்படும் மலிவான சேமிப்பு சிப்) உள்ள பல மலிவு மாடல்களிலும் சேமிப்பு சிப் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

சரி, இதையெல்லாம் எங்கே பார்ப்பது? விற்பனைப் பக்கத்தில் ‘512 ஜிபி எஸ்எஸ்டி’ என்று மட்டும் இருக்கும், அது போதாது. உங்கள் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணுக்கான சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். புதிய விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பர்ஃபாமன்ஸ் பகுதியும் இப்போதுள்ள டிரைவின் வகையைக் காட்டும். பின்மூடியைத் திறந்து பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் வைஃபை கார்டுக்கான ஸ்லாட்டை எஸ்எஸ்டி ஸ்லாட் என்று நினைத்துவிடாதீர்கள்.

டிரைவ் பொருந்தினாலும் இரண்டு இடங்களில் தடுமாறலாம். பிட்லாக்கர் (டிரைவில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பழைய டிரைவைக் கழற்றும் முன் அதைத் திறக்கும் ரெகவரி கீயை எடுத்து வையுங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர் முதலான பல லேப்டாப்களில் விண்டோஸ் நிறுவும்போது டிரைவே பட்டியலில் வராமல் போகலாம். பதறவேண்டாம், இன்டெலின் விஎம்டி டிரைவரை (டிரைவை விண்டோஸுக்குக் காட்டும் சிறு மென்பொருளை) பென் டிரைவில் வைத்து ஏற்றினால் தெரிந்துவிடும்.

அப்புறம், காலியான இரண்டாவது ஸ்லாட்டில் போடுவதாக இருந்தால், அதற்கான திருகு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் இருக்காது, டிரைவ் பெட்டியிலும் வரும் என்று சொல்ல முடியாது. திருகு இல்லாவிட்டால் டிரைவ் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.