ஃப்ரிட்ஜுக்குள்ளும் வளரும் கிருமி

"பெங்களூர் குளிருக்குச் சாம்பார் கெடாது, வெளியிலேயே இருக்கட்டும்." டிசம்பர் வந்தால் அல்சூரில் எங்கள் வீட்டில் தவறாமல் கேட்கும் பேச்சு இது. அந்தக் குளிர் கிருமிகளைத் தடுக்கப் போதாது. 5 முதல் 60 டிகிரி வரை அவற்றுக்கு வசதியான சூடுதான்.

ஃப்ரிட்ஜை நம்பி அப்படியே விடவும் முடியாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். குளிரில் நெய் உறைகிற மாதிரி அதன் மேலுறைக் கொழுப்பும் இறுகப் பார்க்கும். உடனே அது கொழுப்பின் வகையையே மாற்றி, உறையை எண்ணெய் போல இளக்கமாக வைத்துக்கொள்ளும். குளிரைத் தாங்கத் தனிப் புரதங்களையும் தயாரிக்கும். ஃப்ரீஸரில் வளர்ச்சி நிற்குமே தவிர, பெரும்பாலும் சாகாது.

அதனால் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் காட்டினால் குளிரைக் கூட்டுங்கள். கதவுப் பக்கம் சூடு அதிகம், பாலை உள்தட்டில் வையுங்கள். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள், குக்கரோடு இல்லாமல், தட்டையான டப்பாக்களில் பிரித்து உள்ளே வையுங்கள். 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது ஓரத்தில் ஆவி வந்தால் போதாது, கிளறிவிட்டு நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். லிஸ்டீரியா இருந்தாலும் வாசனை மாறாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் கவனம் தேவை, இந்தக் கிருமி கருவையே கலைத்துவிடக்கூடும். காய்ச்சாத பாலும், பிரித்து நாளான பனீரும் அவருக்கு வேண்டவே வேண்டாம்.