இலைச்சாறு வேலை செய்கிறது என்று எழுதுவதற்கு முன்

மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க உதவும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுக்கிறதா, புற்றுநோய் செல்லைக் கொல்கிறதா என்று இலைச்சாற்றைச் சோதிப்பது முதுகலை ப்ராஜெக்ட்டுகளில் சகஜம். இதில் பாதிச் சொதப்பல் ஒரே இடத்தில் தொடங்குகிறது. கருவி அளப்பது நிறத்தை. இலைச்சாற்றுக்கோ சொந்தமாகவே நிறம் உண்டு.

நொதிச் சோதனையில் வெளிவரும் மஞ்சள் நைட்ரோபீனாலை 405 நானோமீட்டரில் அளக்கிறோம். பச்சையமும் அங்கே ஒளியை உறிஞ்சும். எல்லாவற்றுக்கும் ஒரே பிளாங்க் (கழித்துவிட வேண்டிய அடிப்படை அளவீடு) வைத்தால் தடுப்பு குறைவாகத் தெரியும், சமயத்தில் மைனஸுக்கே போகும். ஒவ்வொரு செறிவுக்கும் நொதி இல்லாத தனி பிளாங்க் வேண்டும்.

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனையில் இன்னும் மோசம். உயிருள்ள செல்கள்தான் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் என்று நம்பி 570-இல் அளக்கிறோம். இலையின் பாலிபீனால்கள் செல்லே இல்லாமலும் அதைச் செய்துவிடும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். சோதனைத் தட்டில் செல் இல்லாத கிணறுகளில் (குழிகளில்) சாற்றையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பாருங்கள். சாயம் சேர்க்கும் முன் சாற்றை அகற்றிக் கழுவுவதும் உதவும்.

அப்புறம், 'அகார்போஸைவிட எங்கள் இலை மேல்' என்ற வரி (அகார்போஸ் சர்க்கரை நோய் மாத்திரை). எனக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். பெரும்பாலும் பயன்படுத்தியது ஈஸ்ட் நொதியாக இருக்கும். அகார்போஸ் பாலூட்டிகளின் குடல் நொதியை நன்றாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியிடம் அதன் பாச்சா பலிக்காது. எலிக்குடல் நொதியில் ஒப்பிட்டால் கதையே மாறலாம்.

ஒரே சாறு கண்ட நொதியையெல்லாம் தடுத்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். இலையின் துவர்ப்புப் பொருளான டானின் எந்தப் புரதத்தையும் பிடித்து இழுக்கும். 0.01% ட்ரைட்டான் எக்ஸ்-100 (ஒரு டிடர்ஜென்ட்) சேர்த்ததும் தடுப்பு மறைந்தால், மூலக்கூறுகள் திரண்டு நொதியை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கிணற்றில் 0.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கன்ட்ரோலிலும் அதே அளவு இருக்கட்டும். சாதாரண செல்லிலும் சோதியுங்கள். ஐசி50 (பாதி செல்களைத் தடுக்கத் தேவையான செறிவு) மில்லிலிட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்றால் அதைப் புற்றுநோய் எதிர்ப்பு என்று சொல்வது கொஞ்சம் ஓவர். கீழாநெல்லி என்று பறித்தது கீழாநெல்லிதானா என்பதற்கு ஹெர்பேரியம் தாள் (செடியை உலர்த்தி ஒட்டிய சான்று) இருக்கட்டும்.

எதிர்பார்த்தது வராவிட்டால் நோட்டில் எழுதாமல் விடுவதும் தவறுதான். கனடாவில் நோபிளும் பியரும் நித்தியகல்யாணி இலைச்சாறு சர்க்கரையைக் குறைக்குமா என்று எலிகளில் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அதன் பின்னே போய், 1958-இல் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள்.