ஆமெட் போகிறீர்களா? செருப்பையும் தேதியையும் பாருங்கள்

நகரியில் எங்கள் தெருவிலிருந்தே இப்போது பாலிக்குப் போய்வருகிறார்கள். பெரும்பாலும் குட்டா கடற்கரைக் கூட்டத்தில் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அமைதி வேண்டுமென்றால் தீவின் கிழக்கு ஓரம், ஆமெட். விமான நிலையத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் ஆகும்.

வெள்ளை மணலை எதிர்பார்க்காதீர்கள். எரிமலை தந்த கறுப்பு மணலும் கூழாங்கல்லும்தான். உச்சி வெயிலில் வெறுங்காலோடு இறங்கினால், சித்திரை மாதத்தில் நம்மூர் தார் ரோட்டில் நடப்பது மாதிரி இருக்கும். பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்புதான் சரி. ஹவாய் செருப்பை அலை கொண்டுபோய்விடும். என்னுடையதில் ஒற்றை அங்கேதான் கிடக்கிறது.

கரையில் உப்பு காய்ச்சுவதைப் பார்க்கலாம். தென்னைமரத்தைப் பிளந்து, குடைந்து, தொட்டியாக்கி அதில் உப்புநீரை வெயிலில் வற்றவிடுகிறார்கள். ஒரு பொட்டலம் வாங்கி வந்தோம். மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள அருமை!

பக்கத்து துலம்பெனில் ஓர் அமெரிக்கக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1963 அகுங் எரிமலை வெடிப்பு அதைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளியது. கூட்டம் சேருமுன் விடியற்காலையில் போய்விடுங்கள்.

அப்புறம் தேதி. நம் உகாதியை ஒட்டிப் பல ஆண்டுகளில் அங்கே 'நியெபி' என்ற மௌன நாள் வரும். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடல், தெருவில் இறங்கவும் முடியாது. டிக்கெட் போடுமுன் அதைப் பாருங்கள். அகுங் நிலவரத்தையும் பாருங்கள். 2017 நவம்பரில் சாம்பலால் விமானங்கள் நின்றுபோயின.