கட்டுவதை நிறுத்தக் கூப்பிட்டவரை, கட்டும்போது மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

மனநல வாட்டில் ஆளைக் கட்டிலோடு கட்டுவதையும் தனியறையில் பூட்டுவதையும் நிறுத்த வேண்டுமென்றால், அந்தக் கட்டிலில் கிடந்து எழும்பி வந்தவர்களும் அந்த வேலையில் இருக்க வேண்டும். இதை இப்போது பலர் ஒப்புக்கொள்கிறார்கள். கூப்பிடுகிற விதத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இலங்கை மலையகத்தில் முதல் சறுக்கல் மொழியில். பல வாட்டுகளில் மிஸ்மார், அதாவது தாதிமார், பேசுவது சிங்களம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவருக்குத் தமிழ்தான் வாய்க்கு வரும். குணமாகி வந்த ஒருவருக்கு இரண்டும் தெரியும் என்றால் போதும், அவரை மொழிபெயர்ப்பாளராக்கி விடுவார்கள். என் அக்கா ஒரு வாட்டில் இருந்தபோது (எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்) பக்கத்துக் கட்டிலில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண். பின்னேரமானதும் கதவைத் தட்டிக் கத்தினார். "பிள்ளைமடுவம் பூட்டிருவாங்க, புள்ள நிக்குது!" அவ்வளவுதான் அவர் சொன்னது. பிள்ளைமடுவம் என்பது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துக் காப்பகம். நாலு பேர் பிடித்துத் துணியால் கட்டினார்கள். உதவிக்கு வந்திருந்த பழைய நோயாளி ஒருவரிடம், "அமைதியா இருந்தா அவிழ்த்து விடுவோம்னு சொல்லுங்க" என்றார்கள். அவரும் சொன்னார். அந்தப் பெண் என்ன கேட்கிறார் என்று அவரிடம் யாரும் விசாரிக்கவில்லை. தோட்டத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் பிள்ளையை யார் தூக்கிப்போனது என்று தெரிந்திருக்கும்.

மொழிபெயர்ப்புக்குத் தனியாக ஆள் வையுங்கள். அனுபவப்பட்டவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார வேண்டியவர். கட்டும்போது கை காலைப் பிடிக்க மட்டும் அவரை அழைக்கவே கூடாது. ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் அந்த வாட்டில் யாரும் அவரை நம்பமாட்டார்கள்.

அடுத்தது, எல்லாம் முடிவான பிறகு ஒருவரை மட்டும் கூட்டத்துக்கு அழைத்து, தேத்தண்ணியும் பணிஸும் கொடுத்து, படமெடுத்து அனுப்பிவிடுவது. அமெரிக்காவில் உருவான 'ஆறு அடிப்படை உத்திகள்' என்ற முறையில், நோயை அனுபவித்தவர்களுக்கு வாட்டில் பொறுப்புக் கொடுப்பது ஓர் உத்தி; ஒவ்வொரு கட்டலுக்குப் பின்னும் நடந்ததை உட்கார்ந்து அலசுவது இன்னோர் உத்தி. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். கட்டியவர்கள் மட்டுமே பேசினால் வாட்டுப் பதிவுப் புத்தகத்தில் "நோயாளி ஆவேசமாக இருந்தார்" என்ற ஒரு வரிதான் ஏறும். கத்துவதற்கு முந்தின அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்கத் தெரிந்தவர், தானும் ஒருநாள் அப்படிக் கத்தியவர்தான். குறைந்தது இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். தனி ஆள் பெரிய டொக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

"இங்கே ஆள் பற்றாக்குறை, இதெல்லாம் நடக்காது" என்பதும் கேட்டுப் பழகிய பேச்சு. இரவில் மிஸ்மார் படும் பாடு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பென்சில்வேனியாவின் அரச மனநல வைத்தியசாலைகளில் 1990இல், 1000 நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) 4.2 தடவை நடந்த தனியறைப் பூட்டு, 2000இல் 0.3ஆக இறங்கியது. அங்கே ஆளும் கூட்டினார்கள், கொள்கையையும் மாற்றினார்கள், நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்தவர்களும் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நம் நாட்டிலோ சட்டமே பழையது: மனநோய்க்கான சட்டம் 1873இல் வந்தது, இடையில் சில திருத்தங்களோடு. இயலாமையுள்ளவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல்தான் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

கயிற்றை மட்டும் எண்ணுவதும் தவறு. கட்டுவது குறைந்து, ஆளை அடக்கப் போடும் ஊசி கூடினால் எதுவும் மாறவில்லை. அந்தக் கணக்கைப் பார்க்கவும் குணமாகி வந்த இவர்களுக்கு உரிமை வேண்டும்.

கடைசியாகக் காசு. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் கண்டிக்குக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை, அதாவது வேலை நாள் பதிவாகாது, சம்பளம் போச்சு. சுற்றியிருக்கும் எல்லோரும் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்க, அவரிடம் மட்டும் "சேவை" என்று சொல்வது எனக்கு எரிச்சலாக வரும். நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் கையில் கொடுங்கள். கூட்டத்தைக் காலையில் வையுங்கள். தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் யாருக்காகவும் நிற்காது.