பாசிக்குடா, அறுகம்பேயில் வீட்டை நாள் வாடகைக்கு விட: எந்தக் கடதாசி முதலில்?

நம் கிழக்கிலங்கைக் கரையில் பலர் அறையைப் படம் எடுத்து ஏர்பிஎன்பி என்ற வாடகை ஆப்பில் போட்டுவிட்டு, முதல் சீசன் முடிந்த பிறகுதான் பிரதேச சபைப் பக்கம் போகிறார்கள். இந்த ஒழுங்கு தலைகீழ். ஒவ்வொரு அலுவலகமும் அதற்கு முந்திய கடதாசியைக் கேட்கும். ஆகவே ஊர் அலுவலகங்களை முதலில் முடியுங்கள், ஆப் கடைசியில் வரட்டும்.

படி 1: காணி

உங்களுடையது உறுதி உள்ள சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணியா? நம் பக்கத்தில் பேர்மிட் காணிகள் நிறைய. அவை குடியிருக்கவோ பயிர் செய்யவோ தரப்பட்டவை. அதில் தொழில் செய்யலாமா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் முதலில் கேளுங்கள்.

அடுத்தது கடல். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் விருந்தினருக்கென்று புதிதாக ஒரு அறை இழுப்பதென்றாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடன் எடுத்துக் கட்டிய சுவரைப் பிறகு உடைக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. தயவுசெய்து அத்திவாரம் வெட்டுமுன் இதை முடியுங்கள்.

படி 2: பெயர்ப் பதிவு

கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள்.

படி 3: சபை உரிமம்

பாசிக்குடா, கல்குடா என்றால் கோறளைப்பற்று பிரதேச சபை. அறுகம்பே பொத்துவில் பிரதேச சபைக்குள், பாணமை லகுகலைக்குள். நகர எல்லைக்குள் இருப்போருக்கு மட்டக்களப்பு மாநகர சபை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். நம் மணல் நிலத்தில் கிணறுகள் ஆழம் குறைந்தவை, அதனால் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் உள்ள தூரம் முக்கியம். அவருக்காக மட்டுமில்லை, நீங்களும் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறீர்கள்.

உரிமம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வீடு, காணிக்குச் சபை அறவிடும் சோலைவரி இதில் அடங்காது, அது தனி. முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு.

படி 4: சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை

குடும்பம் அதே வீட்டில் வசித்துக்கொண்டு அறை கொடுத்தால் ஹோம்ஸ்டே. வீட்டை முழுதாகக் கொடுத்தால் வேறு வகை. அதிகாரசபையில் பதிவதற்கான விண்ணப்பத்தில் வகையைச் சரியாகப் போடுங்கள், பரிசோதனைக்கு வருபவர்கள் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். வந்து தங்குவோரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வந்த நாள், போன நாள் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

பதிந்த பிறகு இரண்டு ‘1 சதவீதம்’ வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, மொத்த வரவில் 1 சதவீத சுற்றுலா அபிவிருத்தி வரி. மற்றது சபையின் உரிமக் கட்டணம்: அதிகாரசபையில் பதிந்த தங்குமிடங்களுக்கு முந்திய ஆண்டு வரவில் 1 சதவீதத்துக்கு மேற்படாமல் சபை அறவிடலாம்.

படி 5: வருமான வரி

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையதளத்தில் டின் (TIN) எனும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கத்தை எடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் விலக்கு 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு 18, 24 என்று ஏறும். பலர் தவறவிடுவது இதைத்தான்: சம்பளத்தையும் வீட்டு இலாபத்தையும் கூட்டித்தான் கணக்கு. ஆசிரியை ஒருவருக்குச் சம்பளம் 12 இலட்சம், அறைகளில் செலவு போக 9 இலட்சம் என்று வைப்போம். மொத்தம் 21 இலட்சம். விலக்குப் போக 3 இலட்சம் மிஞ்சும், வரி 18,000 ரூபாய்.

விருந்தினர் 20,000 கொடுத்து, ஆப் 3,000 கழித்து, உங்கள் கையில் 17,000 வந்தாலும் வரவு 20,000தான். அந்த 3,000 செலவுப் பக்கம் போகும். கரன்ட் பில், சலவை, திருத்த வேலை எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வற் வரி பெரிய வரவு உள்ளவர்களுக்கு, இரண்டு அறைக்காரர் அதற்குப் பயப்பட வேண்டாம்.

வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. ஆண்டு வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். அறுகம்பே சீசன் ஒக்டோபரோடு முடிந்து மாரி தொடங்க, அறைகள் வெறுமையாகிற மாதத்தில்தான் தவணையும் விபரத்திரட்டும் சேர்ந்து வரும். அதனால் வரிக்கென்று வங்கியில் தனிக் கணக்கொன்று திறந்து, ஒவ்வொரு முன்பதிவுக்கும் பணம் வரும்போதே ஒரு பங்கை அதில் போட்டுவிடுங்கள்.