போட்டிக்காரர் கிளிக் செய்தே உங்கள் காசைக் கரைக்கிறாரா?

கூகுள் விளம்பரத்தை ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) யாரோ திரும்பத் திரும்பக் கிளிக் செய்தால், கேம்பெயின் செட்டிங்ஸில் 'ஐபி எக்ஸ்குளூஷன்ஸ்' பகுதியில் அந்த முகவரியைப் போட்டுவிடுங்கள். அப்புறம் அந்த இணைப்பில் உங்கள் விளம்பரமே தெரியாது. ஒரு கேம்பெயினுக்கு 500 முகவரி வரை தடுக்கலாம். கோயம்புத்தூரில் பம்ப்செட், வெட் கிரைண்டர் விற்பவர்களுக்குத் தோதான வழி இது. போட்டிக்காரர் பெரும்பாலும் பக்கத்துத் தெருவில், கடை பிராட்பேண்டில்தானே உட்கார்ந்திருக்கிறார்! அந்த ஐபி முகவரி உங்கள் வெப்சைட்டின் சர்வர் லாகில் (வந்து போனவர்களின் பதிவு) கிடைக்கும். கூகுள் விளம்பரக் கணக்கில் 'ஆட்டோ டேகிங்' (கிளிக்குக்குத் தானாகக் குறி போடும் வசதி) போட்டிருந்தால், விளம்பரம் வழியாக வந்த கிளிக்கின் லிங்கில் 'ஜிசிஎல்ஐடி' என்ற குறி இருக்கும்; அதை வைத்து விளம்பரக் கிளிக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

மொபைல் டேட்டாவில் கிளிக் செய்பவரிடம் இது பலிக்காது. அந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கும், பலருக்கும் பொதுவானது. தடுத்தால் வாங்க வருகிறவரையும் சேர்த்துத் தடுத்துவிடுவீர்கள்.