கேரக்டர் சாகப்போகுதா? டிஎம் எப்ப கை வைக்கலாம், எப்ப வைக்கக்கூடாது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற, டைஸ் உருட்டி கதையா ஆடற கேம்ல டிஎம்மா (கதைய நடத்தற டன்ஜன் மாஸ்டரா) உக்காந்தா ரூல மாத்தலாம், மான்ஸ்டரோட ஹெச்பிய (உசுரு பாயிண்ட) ஏத்தலாம் இறக்கலாம், எல்லாம் நம்ம கையிலதான். ஆனா டைஸ் உருள்றதுக்கு முன்னாடி என்ன வேணா பண்ணுங்க, உருண்டப்புறம் தொடாதீங்க. நானும் ஒரு தடவ ஸ்க்ரீனுக்குப் பின்னாடி மான்ஸ்டரோட அடிக்கு 20 (ரொம்ப பலமான அடி) விழுந்தத மறைச்சு ஒரு ப்ளேயர காப்பாத்துனேன், அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் அந்த டேபிள்ல எந்த சண்டைக்கும் யாருக்கும் பயமே வரல.

அதனால செஷன் ஜீரோலயே, அதாவது ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து பேசறப்பவே, கேட்டுடுங்க. கேரக்டர் செத்தா பரவால்லையான்னு மட்டும் கேட்டா எல்லாரும் சரிம்பாங்க, கோப்ளின் மாதிரி சாதாரண குட்டி மான்ஸ்டர் கையால செத்தா கூட பரவால்லையான்னு கேளுங்க, அப்பதான் மனசுல இருக்கறது வெளிய வரும்.

2014ல வந்த ரூல்ஸ்படி ஹெச்பி 0 ஆனா ஒவ்வொரு டர்ன்லயும் டெத் சேவ் (பொழைக்கறாங்களான்னு 20 முக டைஸ் உருட்டறது), 10 இல்ல அதுக்கு மேல வந்தா பாஸ், மூணு பாஸ்னா உசுரு நிக்கும், மூணு ஃபெயில்னா போச்சு. 1 விழுந்தா ரெண்டு ஃபெயில். இதுல நிறைய பேர் கவனிக்காதது என்னன்னா, மயங்கிக் கெடக்கறவங்கள 5 அடிக்குள்ள இருந்து அடிச்சு பட்டுச்சுன்னா அது க்ரிட் (20 விழுந்த மாதிரி பலமான அடி), அதுவும் ரெண்டு ஃபெயில், அப்ப ரெண்டு அடி பட்டாலே கதை முடிஞ்சுது. இங்க கொல்றது டைஸ் இல்லங்க, யார அடிக்கறதுன்னு முடிவு பண்ற நீங்க. பசியில இருக்கற ஓநாய் விழுந்தவன இழுத்துட்டுப் போகும், கொள்ளைக்காரன் நிக்கிறவனத்தான் பாப்பான். எது எப்படின்னு சண்டைக்கு முன்னாடியே ப்ளேயர்ஸுக்குத் தெரியற மாதிரி காட்டிடுங்க, வழியில கடிச்சுப் போட்ட ஒரு பொணம் போதும்.

செத்தவங்கள எழுப்பற ரிவிவிஃபை ஸ்பெல்லுக்கு 300 கோல்ட் மதிப்புள்ள வைரம் வேணும், செத்து ஒரு நிமிஷத்துக்குள்ள போடணும். அந்த வைரத்த எந்த பொக்கிஷத்துலயும் நீங்க வைக்கலன்னா க்ளெரிக் (சாமி சக்தியால குணப்படுத்தற கேரக்டர்) கையில ஸ்பெல் இருந்தும் வேஸ்ட்தான்.

செத்துட்டாங்கன்னா அவசரப்பட்டு அடுத்த டர்னுக்குப் போயிடாதீங்க, கடைசி வார்த்தை என்னன்னு அந்த ப்ளேயரையே சொல்ல விடுங்க, ஒரு டீ பிரேக் விடுங்க. புது கேரக்டர மத்தவங்க லெவல்லயே ஆரம்பிக்கச் சொல்லுங்க, அது ரெடியாகற வரைக்கும் ஏதாச்சும் ஒரு என்பிசிய (வழக்கமா டிஎம் ஆட்டி வைக்கற கேரக்டர) அவங்க கையில குடுங்க, மிச்ச செஷன் சும்மா உக்காந்துட்டு இருக்க வேணாம்.